வார்த்தை விழக் கூடாது

அந்த ஸ்டுடியோவில் அவருக்குப் பெயர் மனுஷன். வாட்ச்மேனிலிருந்து டைரக்டர் வரை எல்லோருக்கும் அவர் மனுஷன்தான். "மனுஷன் வந்தாச்சா?", "மனுஷனுக்கு ஒரு டீ சொல்லு", "மனுஷன் இருமிட்டாரு, இன்னொரு தடவ போலாம்" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, பஸ்ஸில் யாராவது நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட அவருக்குச் சட்டென்று உறைக்காது. கிண்டலாக ஆரம்பித்த பட்டம்தான், ஆனால் காரணம் இல்லாமல் வைக்கவில்லை. அங்கே தயாராகிற கார்ட்டூன் தொடரில் நாய்க்கு ஒருவர், ஆட்டுக்கு ஒருவர், கோழிக்கு ஒருவர் என்று தனித்தனியாகக் குரல் கொடுக்கிறார்கள். மனிதர்கள் அத்தனை பேருக்கும் இவர் ஒருவரே.

'நாலு கால் கப்பல்' என்பது தொடரின் பெயர். பூமியை விட்டுக் கிளம்பிய ஒரு விண்கலம் ஏதோ ஒரு தூரத்துக் கிரகத்தைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறது. வருஷக்கணக்காகப் போகிறது. தொடர் நன்றாக ஓடுவதால் இப்போதைக்குப் போய்ச் சேருகிற உத்தேசமும் இல்லை. கதை முழுக்க, கலத்தில் இருக்கும் விலங்குகள் பார்த்ததும் கேட்டதும்தான். அவை தங்களுக்குள் நன்றாகப் பேசிக்கொள்ளும், வம்பளக்கும், சண்டை போட்டுச் சமாதானமாகும். மனிதர்கள் வாயைத் திறந்தால் மட்டும் அவற்றுக்கு வெறும் சத்தம். "தொபிலா கெரனு நிமுகோ" என்று கேப்டன் கத்துவார். தீனி வரப்போகிறது என்று ஆடு சொல்லும். நாம் எல்லோரும் செத்தோம் என்று கோழி சொல்லும். நாய் ஒன்றும் சொல்லாமல் கேப்டனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே மனுஷனுக்கு வசனம் என்று எதுவும் கிடையாது. மற்றவர்கள் கையில் பக்கம் பக்கமாகத் தாள் இருக்கும். இவருடைய தாளில், 'அதட்டல், உள்ளுக்குள் பயம், ஒரு மூச்சு நீளம்' என்று மட்டும் இருக்கும். மீதியை வாய்க்கு வந்தபடி பேசிக்கொள்ள வேண்டியதுதான். வாய்க்கு வந்தபடி என்று சொல்வது சுலபம், பேசிப் பார்த்தால்தான் தெரியும். அங்கே இருப்பது ஒரே ஒரு சட்டம்: வார்த்தை விழக் கூடாது. அர்த்தமுள்ள சொல் ஒன்று தப்பித்தவறி நடுவில் வந்தால் தொலைந்தோம். எரிகல் மோதப்போகிற நேரத்தில் கேப்டன் போட்ட கூச்சலுக்குள் ஒருமுறை 'கொசு' விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. ஒளிபரப்பான மறுநாள் ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் 'கொசு, கொசு' என்று கத்திக்கொண்டு ஓடின. அந்தக் காட்சியில் செத்துப்போன சமையல்காரனுக்காக அழ ஒரு பிள்ளை மிச்சமில்லை. அன்றிலிருந்து சவுண்டு ரூமில் இருக்கும் பெண், ஒவ்வொரு பதிவையும் திரும்ப ஓடவிட்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி வார்த்தை பொறுக்குகிறாள்.

சில மாதங்களாக அவளுக்கு வேலை கூடிப்போயிருந்தது.

"சார், 'மாத்திரை' விழுந்துருச்சு," என்பாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, மைக்கில், மெதுவாக. இன்னொரு நாள் 'தாழ்ப்பாள்' விழுந்தது. கேப்டன் தன் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிற சந்தோஷமான காட்சியில் 'போதும்' என்று விழுந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மனுஷன் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஸ்டுடியோவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, மறுபடி மைக்கை ஆன் செய்தார்கள்.

அவர் மனைவிக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கை கால் தப்பியது, முகம் கோணவில்லை, தானே எழுந்து நடந்தாள். பேச்சுதான் போய்விட்டது. போய்விட்டது என்றும் சொல்ல முடியாது, முன்னைவிட அதிகமாகவே பேசினாள். வருவதில் ஒன்றுகூட வார்த்தையாக இல்லை. "மிலக தோரி, பெசனா பெசனா" என்று கடகடவென்று சொல்லிவிட்டு, நாம் ஏன் எழுந்து போய் அதைச் செய்யவில்லை என்று முறைப்பாள்.

"காது நல்லா கேக்குது. ஆனா நாம பேசறதெல்லாம் அவங்களுக்கு வெறும் சத்தமா விழுது," என்று டாக்டர் விளக்கியபோது மனுஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. டாக்டர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அவள் பஸ் நிலையத்து விசாரணைக் கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கண்ணாடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக வாழ்நாள் முழுக்க ஊர்க்காரர்களுக்கு வழி சொன்னவள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். "நான் நாள் பூரா ஒழுங்கா பேசி சம்பளம் வாங்கறேன், இவரு உளறியே வாங்கிட்டு வர்றாரு," என்று உறவுக்காரர்கள் நடுவில் அவரை வாருவாள். அவரும் பதிலுக்கு ஏதாவது உளறிக்காட்டுவார். அதெல்லாம் ஒரு காலம்.

இப்போது யார் பேசினாலும் அவளுக்குப் பயம். பார்த்துக்கொள்ள வந்த நர்ஸம்மா, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோலக் கத்திக் கத்திப் பேசினாள். கத்தும்போதெல்லாம் இவள் சுவரோரம் ஒண்டிக்கொள்வாள். சூப்போ பாலில் ஊறிய ரொட்டியோ, ஸ்பூன் கிட்டே வந்தால் வாயை இறுக மூடிக்கொள்வாள். மனுஷன் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிடும்மா. என் கண்ணு இல்ல, ஒரே ஒரு வாய்," என்று கெஞ்சுவார். அவள் அவருடைய உதடுகள் அசைவதையே பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கட்டிய கணவனை, வீடு புகுந்த ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

தூக்கமும் போயிற்று. எந்த நேரமானாலும் எழுந்து வாசல் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டுவாள். அவர் எழுந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். கூட்டிவந்து படுக்க வைத்துக் கண்ணை மூடினால் மறுபடி அந்தச் சத்தம். அவருக்கும் வயதாகிறது. முதுகு பிடித்துக்கொண்டது, தொண்டை கட்டியது, ஷேவிங் செய்யும்போதே கண் சொக்கிப் போய் கன்னத்தைக் கீறிக்கொண்டார்.

வேறு ஊரில் இருக்கும் மகள்தான் முடிவெடுத்தாள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தைப் போய்ப் பார்த்து, எல்லாம் விசாரித்துவிட்டுப் போன் செய்தாள்.

"நல்ல இடம்ப்பா. தோட்டம் இருக்கு, ராத்திரியும் ஆள் இருக்காங்க. சனிக்கிழம நான் கார் எடுத்துட்டு வர்றேன். ஒண்ணு மட்டும், நீங்க கூட வர வேண்டாம்னு சொன்னாங்க. கூட இருந்தவங்க மொத நாள் வந்தா, அம்மா மாதிரி இருக்கறவங்க அங்க தங்க மாட்டாங்களாம்."

"சரிம்மா," என்றார்.

போனை வைத்ததும் மனதில் முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்பதுதான் வந்தது. அந்த அப்பாடாவுக்காக அவர் வெட்கப்பட்டார். நன்றாக வெட்கப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு நாள், கேப்டனுக்கும் புதுச் சமையல்காரனுக்கும் சண்டை. இரண்டு பேரும் இவர்தான். காலையிலிருந்து தன்னைத் தானே திட்டி, தனக்குத் தானே பதில் சொல்லி, கடைசியில் தன்னிடம் தானே மன்னிப்புக் கேட்டு முடித்தபோது, நாக்கு அவருடையதாகவே இல்லை. வீட்டுக்கு வந்தால் நர்ஸம்மா கிண்ணத்தைக் காட்டினாள். ஊற்றிய சூப் ஊற்றியபடி இருந்தது. "நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன் சார்," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

மனுஷன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்சம் சாப்பிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "கெமுனா தொபிலா நிசுமோ" என்று வந்தது.

வேலை வாய் இன்னும் மூடவில்லை. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

அவள் நிமிர்ந்தாள். உதட்டைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். ஏதோ யோசித்தாள். பிறகு, "மிலகா தோரி?" என்றாள், கடைசியில் குரலைத் தூக்கி.

அது கேள்வி. குரலை வைத்தே சோறு தின்கிற மனுஷனுக்கு அது என்ன கேள்வி என்று விளங்காமல் போகுமா? ஏன் இப்படிச் சோர்ந்துபோய் வந்திருக்கீங்க என்று கேட்கிறாள்.

அவர் பதில் சொன்னார். "பெலூரோ கெரனு" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கேப்டன் சண்டையைச் சொன்னார், பஸ் நெரிசலைச் சொன்னார், முதுகு வலியைச் சொன்னார், தூங்காத நாட்களைச் சொன்னார், அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் நின்றுகொண்டு பயந்ததைச் சொன்னார். ஒரு சொல்கூட விழவில்லை. அவள் உச்சுக் கொட்டினாள். நடுநடுவே "பெசனா" என்று ஆமோதித்தாள். ஒரு இடத்தில், உங்களுக்கு இது வேணும் என்கிற மாதிரி மூக்கால் சிரித்தாள். பிறகு அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, ஆறிப்போன சூப்பைத் தானே குடித்தாள்.

கிண்ணத்தைக் கழுவும்போதுதான் மனுஷனுக்கு விஷயம் புரிந்தது. இத்தனை மாதமாக அவர் அவளிடம் சொன்னவையெல்லாம் நல்ல வார்த்தைகள். கண்ணே என்றார், ஒரு வாய் என்றார். கூடவே போன குரலோ, சீக்கிரம் முடித்துத் தொலை, நான் படுக்க வேண்டும் என்றது. வார்த்தை அவளிடம் போய்ச் சேரவில்லை, குரல் மட்டும் சேர்ந்தது. பாவம், அவள் பயப்படாமல் என்ன செய்வாள்? ஸ்டுடியோவில் மைக் முன்னால் இப்படி ஒரு பதிவைக் கொடுத்திருந்தால், போலியாக இருக்கிறது என்று டைரக்டர் அன்றைக்கே தூக்கி எறிந்திருப்பார்.

மறுநாளும் அப்படியே பேசினார். சாப்பிட்டாள். அதற்கு மறுநாள் தலைவாரி விடச் சொல்லிச் சீப்பை அவர் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவளைப் பற்றி வம்பு பேசினார்கள். என்ன வம்பு என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. அவ்வளவு நாளுக்குப் பிறகு அவர் சந்தோஷமாக இருந்தார்.

மகளுக்குப் போன் செய்து, "அம்மா சாப்பிடறா. என்கிட்ட பேசறா," என்றார்.

"அப்பா, வேணாம்னா இப்பவே சொல்லுங்க. நான் அந்த இடத்துல வேண்டாம்னு சொல்லிடறேன். நீங்க விழுந்தா யாரு பாக்கறதுன்னுதான் எனக்குப் பயம். ஆனா முடிவு உங்களோடது."

வாசல் பக்கம் தாழ்ப்பாள் ஆடுகிற சத்தம் கேட்டது. பயம் போயிருந்தது, சாப்பாடு இறங்கியது, ஆனால் இது மட்டும் நிற்கவில்லை. முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் அவர் கண் மூடவில்லை. நாளைக்கும் மூடப்போவதில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் இங்கேயே இருப்பாள். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

"இல்லம்மா. வா. சனிக்கிழம வா," என்று சொல்லிவிட்டு, மனைவியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வரப் போனார்.

வெள்ளிக்கிழமை அவர் தாளில், 'பொய். திரும்பி வருவேன் என்கிற பொய். நாய் நம்ப வேண்டும்' என்று எழுதியிருந்தது.

காட்சியை டைரக்டர் விளக்கினார். கலத்தில் காற்று குறைந்துகொண்டு வருகிறது. வழியில் இருக்கும் ஒரு கிரகத்தில் விலங்குகளை இறக்கிவிட்டு மனிதர்கள் போகப்போகிறார்கள். கேப்டன் நாயிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். "அழுக மட்டும் வேணாம் சார். தொண்ட கரகரன்னு ஆச்சுன்னா நாய் கண்டுபிடிச்சிடும். பக்கத்துக் கடைக்குப் போயிட்டு வர்றவன் பேசுவான் இல்ல, அந்த மாதிரி. கொஞ்சம் அவசரம்கூட இருக்கலாம்."

மனுஷன் மைக் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டார். ஒரே தடவைதான் பேசினார். இயல்பாக, லேசாக, போகிற போக்கில், ஒரு செல்லக் கண்டிப்போடு. நாய்க்குக் குரல் கொடுக்கிற தம்பி, பதிலுக்கு வாலாட்டிக்கொண்டு பேச வேண்டியவர், தன் வசனத்தை மறந்து நின்றார்.

"நாய விடுங்க சார். நானே நம்பிட்டேன்," என்றார் டைரக்டர்.

சவுண்டுப் பெண் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். "சுத்தமா இருக்கு சார். ஒண்ணுமே விழல," என்றாள்.

எல்லோரும் பாராட்டினார்கள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. குரலில் பொய் சொல்ல முடியாது என்று இந்த நாலைந்து நாளாக நம்பிக்கொண்டிருந்தார். முடிகிறது. ஒரே தடவையில் முடிகிறது.

சனிக்கிழமை மகள் சொன்னபடி, டிரைவரோடு காரில் வந்தாள். பெட்டியைக் காரில் வைத்துவிட்டு வந்து, "அம்மா, வாங்கம்மா. கார்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்," என்றாள். சிரித்த முகமாகத்தான் சொன்னாள். உள்ளே இருந்த அழுகை அவ்வளவும் குரலில் இருந்தது. அவள் அம்மா கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மகள் தோளைத் தொட்டதும் கத்தினாள். டிரைவர் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னால முடியலப்பா. நீங்க பேசுங்க. நீங்க பேசினா கேக்கறாங்கன்னு சொன்னீங்களே."

மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போதும் நேரம் இருந்தது. டிரைவரைப் போகச் சொல்லலாம், பெட்டியை இறக்கலாம். ஆனால் இறக்கி வைத்தால், இந்தக் கட்டிலும் அந்தத் தாழ்ப்பாளும்தான். அவருக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. வேறு எதுவும் அவ்வளவு வேண்டியிருக்கவில்லை. அவளும்கூட. அந்த நினைப்பைத் தாண்டிப் போய்க் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தொபிலா," என்றார். "கெரனு மிசோ நிமுகா, பெலூரோ தபினா."

லேசாக, போகிற போக்கில், கொஞ்சம் அவசரத்தோடு, ஒரு செல்லக் கண்டிப்போடு.

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். தேடிப் பார்த்தாள் என்றே சொல்ல வேண்டும். அவரும் பார்வையைத் திருப்பவில்லை, தொண்டையும் கரகரக்கவில்லை. அவளுடைய கை கட்டில் சட்டத்திலிருந்து ஒவ்வொரு விரலாக இறங்கியது. முகம் தெளிந்தது. அட, இவ்வளவுதானா என்பதுபோல மகளை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து கண்ணாடி முன்னால் போய் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். செருப்பைத் தானே மாட்டிக்கொண்டாள்.

"என்னப்பா சொன்னீங்க?" என்று மகள் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல," என்றார்.

காரில் ஏறி உட்கார்ந்தவள் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். டிரைவர் இறக்கிவிட்டான். தலையை வெளியே நீட்டி, வாசலில் நிற்கிற மனுஷனைப் பார்த்து, "பெசனா தோரி மிலகு, தோரி" என்று விரலை ஆட்டி ஆட்டி அடுக்கினாள். அவருக்கு ஒவ்வொன்றும் விளங்கியது. கேஸை மூடுங்க. மொட்டமாடித் துணிய எடுத்து வைங்க. பால்காரன் வந்தா நாளைக்கு ஒரு பாக்கெட் போதும்னு சொல்லுங்க. வெறும் வயித்தோட தூங்கிடாதீங்க, நான் வந்து ஏதாவது செய்றேன்.

"ம்," என்றார் அவர்.

அவள் திருப்தியாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கார் தெருமுனை திரும்பும் வரை மனுஷன் நின்று பார்த்தார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடப் போகிறவள் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்?